ஆண்டுக்கு ஒரு யூனிட் மக்கு உரம்: குவிப்பதும் சலிப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாடியில் நாலு தொட்டி வைத்திருப்பவருக்கு இது அதிகப்படி. வீட்டைச் சுற்றி மரமும் காய்கறிப் பாத்தியும் வைத்துக்கொண்டு, உரத்தை மூட்டை மூட்டையாக விலைக்கு வாங்கி அலுத்துப்போனவர்களுக்காக எழுதியது. மதுரைக்கு வெளியே செம்மண் பூமியில் 12 சென்ட் இடத்தில் ஒன்பது வருடமாக நான் செய்து பார்த்ததும், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அக்கம்பக்கத்தார் கேட்டதும்தான் இதில் இருக்கின்றன.

ஒரு யூனிட் என்றால் எவ்வளவு? வீட்டுத் தோட்டத்துக்கு எதற்கு அவ்வளவு?

வீடு கட்டியவர்களுக்கு யூனிட் கணக்கு தெரியும். மணலோ ஜல்லியோ 100 கன அடி இருந்தால் ஒரு யூனிட். கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் பத்துக்குப் பத்து அடிப் பாத்தியில் ஓர் அங்குல உயரத்துக்கு உரம் பரப்ப எட்டு கன அடிக்கு மேல் வேண்டும், அதாவது ஏறக்குறைய 235 லிட்டர். சாந்துச் சட்டியில் அள்ளிப் போட்டால் பதினாறு பதினேழு சட்டி. பத்துப் பாத்தி வைத்திருந்தால் அதற்கே எண்பது கன அடி போய்விடும். மிச்சம் தென்னைக்கும் தொட்டிகளுக்கும் சரியாக இருக்கும்.

பச்சையும் சருகுமாகக் குவித்தது மக்கி முடியும்போது மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்குள் சுருங்கிவிடும். எனவே ஒரு யூனிட் உரம் வேண்டுமென்றால் கிட்டத்தட்ட மூன்று யூனிட் குப்பை சேர்க்க வேண்டும். ஐந்துக்கு ஐந்து அடி, நாலடி உயரத்தில் ஒரு குவியல் போட்டால் 100 கன அடி. வருடத்துக்கு அப்படி மூன்று குவியல், அவ்வளவுதான்.

மூன்று யூனிட் குப்பைக்கு நான் எங்கே போவேன்? எங்கள் வீட்டுக் காய்கறித் தோல் ஒரு நாளைக்கு ஒரு கிண்ணம்கூட வராது.

எல்லாரும் சமையலறைக் கழிவிலிருந்தே கணக்குப் போடுகிறார்கள். அங்கேதான் தவறு. காய்கறித் தோல் எப்போதும் கிடைக்கும். தட்டுப்பாடு சருகுக்குத்தான். உங்களுக்கு அடுத்த தீபாவளிக்கு எவ்வளவு உரம் கிடைக்கும் என்பதை மாசியிலும் பங்குனியிலும் நீங்கள் கட்டி வைத்த சருகுச் சாக்குகளை எண்ணிச் சொல்லிவிடலாம்.

வேம்பு அந்த இரண்டு மாதத்தில்தான் கொட்டித் தீர்க்கும். தெருவில் பூவரசு, புங்கை, நாட்டு வாதுமை இருந்தால் விடாதீர்கள். வாதுமை இலை அகலமாக, சிவந்து விழும். வருடத்துக்கு இரண்டு தடவை கொட்டும். காலையில் கூட்டிக் குவித்து நெருப்பு வைக்கிறார்களே, அதற்கு முன்னால் சாக்கோடு போய் நின்றுவிட வேண்டும். பெரிய சாக்கில் மிதித்து அடைத்தால் மூன்று கன அடி பிடிக்கும். ஒரு குவியலுக்கு 25 சாக்கு. எங்கள் தெருவில் ஆரம்பத்தில் ஒரு பாட்டி, "ஏன் தம்பி, ஊரெல்லாம் குப்பையை வெளியே தள்ளுது, நீ உள்ளே தூக்கிட்டுப் போற?" என்று கேட்டார். இப்போது அவர் வீட்டுச் சருகை அவரே கூட்டிக் கட்டி வாசலில் வைத்துவிடுகிறார். பதிலுக்கு அவருக்கு வெண்டைக்காய் போகிறது, அது வேறு கணக்கு.

பச்சைக்கு: ஜூஸ் கடைக் கரும்புச் சக்கை (இது பாதி சருகுக் கணக்கு, பாதி பச்சைக் கணக்கு), டீக்கடையில் வடிகட்டிய தூள், சந்தை முடிந்த பிறகு கிடக்கும் முட்டைக்கோஸ் இலை, வாழைத்தண்டு, வெட்டிய புல், பக்கத்தில் மாடு இருந்தால் சாணி. டீக்கடையில் பிளாஸ்டிக் வாளி ஒன்றை நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் தூளோடு பேப்பர் கப்பும் வரும். பேப்பர் கப் பேப்பர் அல்ல, உள்ளே பிளாஸ்டிக் பூச்சு உண்டு.

கல்யாண மண்டபத்து வாழையிலை கிடைக்கிறது. போடலாமா?

தாராளமாக. எச்சில் இலையில் உப்பும் எண்ணெயும் இருக்கும் என்பதால் ஒரே குவியலில் அதை மட்டும் நிரப்பாமல் சருகோடு கலந்து நடுவில் புதையுங்கள். ஊறுகாய்ப் பொட்டலம், தண்ணீர்ப் பாட்டில் மூடி, ஐஸ்கிரீம் குச்சி எல்லாம் இலைக்குள் மடிந்து வரும். முதல் தடவை நான் பிரித்துப் பார்க்காமல் கொட்டினேன். நாலு மாதம் கழித்துச் சல்லடை மேல் 43 மூடி எண்ணினேன்.

எதைப் போடவே கூடாது?

கோரைக்கிழங்கும் அருகம்புல்லும் வேண்டாம். மக்கும்போது குவியலுக்குள் எழும் சூடு ஓரத்துக்கு எட்டாது, அங்கிருந்து பிழைத்துப் பாத்திக்கு வந்துவிடும். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் பிடுங்கியிருந்தால் சரி, பூத்துவிட்டால் வேண்டாம். நாய், பூனைக் கழிவு, கறி மீன், உப்புக் கருவாடு, பெயின்ட் அடித்த மரத்தூள் எல்லாம் விலக்கு. தேங்காய்ச் சிரட்டை கெடுதல் இல்லை, ஆனால் உங்கள் ஆயுளுக்குள் மக்காது. அடுப்புச் சாம்பல் ஒரு கைப்பிடி பரவாயில்லை. சாணியோடு சாம்பலை அள்ளி அள்ளிப் போட்டால் தழைச்சத்து (நைட்ரஜன்) அமோனியாவாகப் பறந்துவிடும்.

பூமாலை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வாழைநாரில் கட்டிய மாலை அப்படியே மக்கும். இப்போது பாதி மாலை நைலான் நூலில்தான் வருகிறது. அது மக்காது, மண்வெட்டியிலும் சல்லடையிலும் சுற்றிக்கொண்டு உயிரை வாங்கும். நூலை உருவிவிட்டுப் பூவை மட்டும் போடுங்கள்.

கலப்பு விகிதம் என்ன? புத்தகத்தில் 30-க்கு 1 என்று இருக்கிறது.

அது கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள எடை விகிதம். நுண்ணுயிர்கள் ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு கரிமம் இருந்தால் நன்றாக வேலை செய்யும். காய்கறிக் கழிவிலும் சாணியிலும் அது 15, 20 என்று இருக்கும். காய்ந்த இலையில் 50-ஐ ஒட்டி. மரத்தூளில் நூற்றுக்கணக்கில் போகும். இதையெல்லாம் வீட்டில் நிறுத்துப் பார்க்க முடியாது. வாளிக் கணக்கு போதும்: மூன்று வாளி சருகுக்கு ஒரு வாளி பச்சை. சருகு நொறுங்கிப் பொடியாக இருந்தால் இரண்டு வாளியே போதும். தப்பாகப் போனால் குவியலே சொல்லும். மூத்திர நெடி அடித்தால் பச்சை அதிகம். ஒரு வாரமாகியும் குளிர்ந்தே கிடந்தால் பச்சை குறைவு, அல்லது ஈரம் குறைவு.

மாவிலை ஒரு வருடமாகியும் அப்படியே கிடக்கிறதே?

மாவிலையின் மேல் மெழுகு மாதிரி ஒரு பூச்சு இருக்கிறது, தண்ணீரை உள்ளே விடாது. முந்திரி இலையும் அப்படித்தான். முழு இலையாகப் போட்டால் ஒன்றின் மேல் ஒன்று படிந்து ஓடு வேய்ந்த மாதிரி ஆகிவிடும், கீழே காற்றும் போகாது நீரும் போகாது. நொறுக்க வேண்டும். நன்றாகக் காய்ந்த இலையை மதிய வெயிலில் வாசலில் பரப்பிக் காரை நாலு தடவை முன்னும் பின்னும் ஏற்றி இறக்குங்கள். பக்கத்து வீட்டில் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், போகட்டும். நொறுக்கியதை டிரம்மில் போட்டுச் சாணிக் கரைசலில் ஓர் இரவு ஊறவிட்டுப் பிறகு குவியலில் சேருங்கள்.

புல் வெட்டும் இயந்திரத்தை டிரம்முக்குள் விட்டு இலை அரைக்கிறவர்கள் உண்டு. அதில் சுற்றுவது நைலான் இழை என்றால், தேய்கிற இழை எல்லாம் உரத்தில்தான் சேரும். இரும்புத் தகடு மாட்டியிருந்தால் டிரம்முக்குள் விடுவது ஆபத்து. கார் உத்தமம்.

குழி வெட்டலாமா, தரைக்கு மேல் குவிக்கலாமா?

இரண்டுக்கும் நம் நாட்டிலேயே பேர்போன முறைகள் உண்டு. 1920-களில் இந்தூரில் இருந்த ஆய்வு நிலையத்தில் ஆல்பர்ட் ஹோவர்டு, யஷ்வந்த் வாட் என்பவரோடு சேர்ந்து வகுத்தது இந்தூர் முறை. அடுக்கடுக்காகப் போட்டு, மூன்று தடவை புரட்டி, மூன்று மாதத்தில் உரம் எடுப்பது. 1939-இல் பெங்களூரில் ஆச்சார்யா வகுத்தது பெங்களூர் முறை. குழியில் நிரப்பி மேலே மண் பூசி மூடிவிட வேண்டியதுதான், புரட்டுவது கிடையாது, ஆறு எட்டு மாதம் ஆகும். நம் ஊர் எருக்குழி இந்த இரண்டாவதற்குப் பங்காளி. வருடம் முழுக்கக் கொட்டி, கோடையில் வண்டி கட்டிக் காட்டுக்குக் குப்பை அடிப்பார்கள்.

என் கட்சி குவியல்தான். குழிக்குள் இறங்கி மூன்று தடவை புரட்டிப் பாருங்கள், இடுப்பு சொல்லும். கார்த்திகை மழையில் குழி கிணறாகிவிடும். சித்திரை வைகாசியில் மட்டும் ஓர் அடி ஆழம் தோண்டி அதன் மேல் குவிக்கிறேன், ஈரம் நிற்கிறது.

கடையில் விற்கிற கம்போஸ்ட் டிரம்மில் சூடே வரவில்லை. ஏன்?

அளவு பத்தாது. எல்லாப் பக்கமும் மூன்றடிக்குக் குறைந்தால் உள்ளே உண்டாகும் சூடு நிற்காமல் வெளியே போய்விடும். மூன்றடிக்கு மேல் போனால் குவியல் தனக்குத்தானே போர்வை. அதனால்தான் நிறையச் செய்வது கொஞ்சமாகச் செய்வதைவிடச் சுலபம். இன்னொன்று, தினம் ஒரு கிண்ணம் என்று போட்டால் சூடு ஏறாது. சருகையும் பச்சையையும் சேர்த்து வைத்து ஒரே நாளில் குவியல் போட வேண்டும். நான் பச்சையை ஒரு ஞாயிறுக்காகத் திரட்டுகிறேன். சனிக்கிழமையே டீக்கடைக்கும் ஜூஸ் கடைக்கும் சொல்லி வைத்துவிடுவேன்.

சூடு வந்ததா என்று எப்படிப் பார்ப்பது? எப்போது புரட்டுவது?

கடப்பாரையை நடுவில் குத்திப் பத்து நிமிடம் விட்டு உருவி, நுனியைத் தொடுங்கள். கையை எடுத்துக்கொள்ள வைத்தால் 55 டிகிரியைத் தாண்டியிருக்கும். அந்தச் சூட்டில் மூன்று நாளாவது இருந்தால் நோய்க்கிருமிகள் சாகும், களை விதைகளும் பெரும்பாலும் வெந்துவிடும். 70-ஐத் தொட்டால் வேலை செய்கிற உயிர்களே செத்துப்போகும் என்பதால் அதற்கு முன் புரட்டிவிட வேண்டும்.

முதல் புரட்டல் ஏழாம் நாள் வாக்கில். பிறகு வாரம் ஒன்றாக மூன்று தடவை. ஓரத்தில் இருப்பது நடுவுக்கும் நடுவில் இருப்பது ஓரத்துக்கும் போக வேண்டும், அதுதான் புரட்டுவதன் பொருள். பல் வைத்த மண்வெட்டி இருந்தால் நல்லது. மார்கழியில் விடிகாலையில் புரட்டிப் பாருங்கள். மேல் சருகை விலக்கியதும் இட்லிப் பானை திறந்தது மாதிரி ஆவி முகத்தில் அடிக்கும். உள்ளே இலைகளின் மேல் சாம்பல் தூவியது போல வெள்ளையாக இருக்கும். பூசணம் பிடித்துவிட்டது என்று பயந்து அள்ளி வெளியே போட்டவர்களை எனக்குத் தெரியும். அது சூட்டில் வளரும் ஆக்டினோமைசீட்ஸ் என்ற நுண்ணுயிர். மழை பெய்த மண்வாசனைக்குக் காரணமும் அந்தக் கூட்டம்தான்.

நாலு புரட்டலுக்குப் பிறகு சூடு அடங்கும். அப்புறம் இரண்டு மாதம் தொடாதீர்கள். மண்புழு தானே வரும்.

எவ்வளவு தண்ணீர்?

கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் அதிகம், ஒன்றும் வராவிட்டால் குறைவு. குவித்து முடித்தபின் மேலே ஊற்றும் தண்ணீர் இரண்டு அங்குலத்துக்கு மேல் இறங்காது, பக்கவாட்டில் வழிந்து போகும். அடுக்கு அடுக்காக நனைத்துக்கொண்டே போடுவதுதான் வழி.

வெல்லம், புளித்த மோர், கடையில் விற்கும் நுண்ணுயிர்க் கரைசல், இதெல்லாம் வேண்டுமா?

பழைய உரம் இரண்டு சட்டி, சாணிக் கரைசல் ஒரு வாளி. அதிலேயே எல்லாம் இருக்கிறது. மத்திய அரசின் இயற்கை வேளாண்மை மையம் 20 ரூபாய்க்குக் கொண்டுவந்த குப்பியை நானும் வாங்கிப் பெருக்கிப் பார்த்தேன். கெடுதல் இல்லை. அதைப் போடாத குவியலும் அதே நாளில்தான் மக்கியது. மோரைக் குடித்துவிடலாம்.

புரட்டும்போது கட்டைவிரல் தடிமனில் வெள்ளைப் புழுக்கள் வருகின்றன. என்ன அது?

தென்னை வைத்திருப்பவர்கள் இதை அலட்சியப்படுத்தக் கூடாது. காண்டாமிருக வண்டு எருக்குழியிலும் மக்கிய மரத்திலும்தான் முட்டையிடும். புழு வளர்ந்து வண்டாகிப் போய்த் தென்னங்குருத்தைக் குடையும். குருத்து விரியும்போது கத்தரியால் வெட்டியது மாதிரி முக்கோணமாக இருக்குமே, அது இதன் வேலை.

ஆனால் வளைந்து கிடக்கும் வெள்ளைப் புழு எல்லாம் அது அல்ல. பூ வண்டின் புழுவும் பார்க்க அப்படியே இருக்கும், அது உரத்துக்கு நல்லது செய்கிற புழு. அடையாளம் காண ஒரு வேடிக்கையான வழி உண்டு. புழுவைச் சிமென்ட் தரையில் விடுங்கள். மல்லாந்து படுத்து, கால்கள் வானத்தைப் பார்க்க, முதுகாலேயே ஊர்ந்து போனால் அது பூ வண்டு. விட்டுவிடலாம். பக்கவாட்டில் சுருண்டு கிடந்து தடுமாறினால் காண்டாமிருக வண்டு. பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். நிறைய இருந்தால் பச்சை மஸ்கார்டின் பூஞ்சை, அதாவது மெட்டாரைசியம், எருக்குழியில் கலக்கச் சொல்லி வேளாண் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கிறது. நல்ல சூட்டோடு அடிக்கடி புரட்டுகிற குவியலில் இந்தப் புழு தங்காது. மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும் குவியல்தான் அதற்குத் தொட்டில்.

சமையலறைக் கழிவில் நெளியும் தட்டையான பழுப்புப் புழு வேறு. அது கருப்புப் படைவீரன் ஈயின் புழு, ஒரு தொல்லையும் தராது.

பாம்பு வருமா?

எலி வந்தால் பாம்பு வரும். சோறும் பருப்பும் மேலாகக் கிடந்தால் எலியும் பெருச்சாளியும் வரும். எதைப் போட்டாலும் மேலே அரை அடி சருகு மூடியிருக்க வேண்டும். நீண்ட நாள் தொடாத குவியலைக் கிளறுமுன் கம்பால் தட்டிவிட்டு ஐந்து நிமிடம் தள்ளி நில்லுங்கள். வெறுங்கையை விடவே கூடாது. எனக்குப் பாம்பு வந்ததில்லை, தேள் இரண்டு தடவை வந்தது, பூரான் கணக்கே இல்லை.

ஐப்பசி கார்த்திகை மழைக்கு எப்படி மூடுவது?

தென்னங்கீற்றுதான். தார்ப்பாயை ஒட்டிப் போர்த்தினால் உள்ளே மூச்சு முட்டிப் புளிச்ச நாற்றம் எடுக்கும். தார்ப்பாய்தான் இருக்கிறது என்றால் நாலு குச்சி நட்டு ஒன்றரை அடி உயரத்தில் கட்டுங்கள். மூடாமல் விட்ட குவியலிலிருந்து டிகாக்‌ஷன் மாதிரி ஒரு தண்ணீர் ஓடும். நாலு மாத உழைப்பின் சாறு அது.

உரம் ஆகிவிட்டது என்று எப்படித் தெரியும்?

இலையை இலை என்று அடையாளம் தெரியக்கூடாது, சூடு இருக்கக்கூடாது, காட்டு மண் வாசம் வர வேண்டும். சந்தேகம் இருந்தால் ஒரு சட்டி உரத்தை நனைத்துப் பாலிதீன் பையில் மூன்று நாள் கட்டி வையுங்கள். பிரிக்கும்போது நாறினால் இன்னும் ஒரு மாதம். அரைகுறை உரத்தைப் போட்டால் அது மண்ணில் இருக்கிற தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும், செடி மஞ்சளடிக்கும்.

வைக்கோல் அதிகம் சேர்த்திருந்தால் இன்னொரு சோதனையும் செய்யுங்கள். களைக்கொல்லி அடித்த வயல் வைக்கோலில் மருந்தின் மிச்சம் இருக்கலாம். பாதி உரம் பாதி மண் கலந்து பச்சைப்பயறு பத்து விதை, வெறும் மண்ணில் பத்து விதை போட்டுப் பாருங்கள். உரத்தில் முளைத்தது மட்டும் இலை சுருண்டு முறுக்கிக்கொண்டால் அந்தக் குவியலைக் காய்கறிக்குப் போடாதீர்கள்.

சலிக்கத்தான் வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். ஒரு யூனிட் உரத்தையும் சலிப்பேன் என்று இறங்குகிறவர் அடுத்த வருடம் உரமே செய்ய மாட்டார். தென்னை, மா, வாழைக்கு அடியில் போடுவதற்கு எதற்குச் சலிக்க வேண்டும்? கட்டியும் குச்சியுமாக அப்படியே கொட்டி மேலே சருகு மூடலாம். கத்தரி, வெண்டை, மிளகாய்ப் பாத்திக்கும் பெரிய குச்சியைப் பொறுக்கினால் போதும். கீரை விதைக்கும் பாத்தி, நாற்றங்கால், தொட்டிக் கலவை, இந்த மூன்றுக்கு மட்டும் சலியுங்கள். என் கணக்கில் மொத்த உரத்தில் கால் பங்குதான் சல்லடைக்குப் போகிறது.

என்ன சல்லடை, எத்தனை அங்குலக் கண்?

இதில் நான் ஒரு முழு நாளைத் தொலைத்தேன். முதல் வருடம் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரியிடம் மணல் சலிக்கும் வலையைக் கடன் வாங்கினேன். "அண்ணே, இது பூச்சு மணலுக்குள்ளதுண்ணே, குப்பை இறங்காது" என்று அவர் அப்போதே சொன்னார். நான் கேட்கவில்லை. காலை ஏழு மணியிலிருந்து மதியம் வரை தேய்த்து இரண்டு சட்டி எடுத்தேன். வலை முழுக்க உரம் அப்பி, கழுவிக் கொடுக்க இன்னும் ஒரு மணி நேரம்.

பாத்திக்கும் தொட்டிக்கும் அரை அங்குலக் கண் போதும். நாற்றுத் தட்டுக்கு மட்டும் கால் அங்குலம். விற்பனைக்கு வரும் நகர்க் கழிவு உரத்துக்கு 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணை ஓர் அளவு வைத்திருக்கிறது: 90 சதவீதமாவது 4 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்க வேண்டும். அது மூட்டை போட்டு விற்பவர்களுக்கு. வீட்டில் அந்த நைஸ் தேவையில்லை. ரொம்பப் பொடியாக இருந்தால் தொட்டியில் தண்ணீர் ஊற்ற ஊற்றப் படிந்து இறுகிவிடும்.

ஹார்டுவேர் கடையில் வெல்டு மெஷ் என்று கேளுங்கள், துத்தநாகம் பூசியது. கோழி வலை வேண்டாம், இரண்டாவது சட்டியிலேயே தொய்ந்துவிடும்.

சல்லடையை எப்படிச் செய்வது?

இரண்டரை அடி அகலம், ஐந்தடி நீளத்துக்கு ரீப்பர் சட்டம். வலையைச் சட்டத்தில் ஆணி அடித்து, அதன் மேல் ஒரு மெல்லிய மரப் பட்டியையும் வைத்து அடியுங்கள், இல்லையென்றால் ஆணிக்கு ஆணி கிழியும். வலைக்கு அடியில் குறுக்கே இரண்டு கம்பி கொடுத்தால் தொய்யாது. பின்னால் முட்டுக் கொடுத்துச் சாய்த்து நிறுத்தி, மண்வெட்டியால் மேல் பகுதியில் வீசினால் பொடி பின்னால் விழும், கட்டி முன்னால் உருண்டு வரும். மணல் சலிக்கிற அதே முறைதான். ஆனால் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சல்லடையை இன்னும் செங்குத்தாக நிறுத்தினால் கண்கள் குறுகிய மாதிரி வேலை செய்யும், உரம் இன்னும் பொடியாக இறங்கும். இன்னும் படுக்கையாகச் சாய்த்தால் பெரியதும் இறங்கும். அரை அங்குல வலை ஒன்றையே சாய்வை மாற்றி இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம்.

ஆள் துணை இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி. மூன்றுக்கு இரண்டு அடிச் சட்டத்தின் நாலு மூலையிலும் கயிறு கட்டி மாமரக் கிளையில் இடுப்பு உயரத்துக்குத் தொங்கவிடுங்கள். இரண்டு சட்டி கொட்டித் தொட்டில் ஆட்டுகிற மாதிரி ஆட்டினால் தானே இறங்கும். எடையைக் கிளை தாங்கிக்கொள்கிறது, உங்களுக்கு ஆட்டுகிற வேலை மட்டும்தான். சாய்த்து வைக்கிற சல்லடையைவிட எனக்கு இப்போது இதுதான் பிடித்திருக்கிறது. அரை மணி நேரத்தில் பாத்திக்கு வேண்டியது இறங்கிவிடும்.

சைக்கிள் ரிம்மில் சுற்றுகிற சல்லடை செய்கிறார்களே?

இரண்டு 28 அங்குலச் சைக்கிள் ரிம், ஏழடி மெஷ், நடுவில் ஒரு பைப். ரிம்மின் சுற்றளவு ஆறரை அடி வரும் என்பதால் ஏழடி வாங்கினால் மடித்துக் கட்டச் சரியாக இருக்கும். ஒரு முனையைச் சற்றே தாழ்த்தி வைக்க வேண்டும், உயர்ந்த முனையில் போட்டால் பொடி கீழே விழ, கட்டி தாழ்ந்த முனையில் வெளியே வரும். நிமிடத்துக்கு 20, 25 சுற்றுக்கு மேல் வேண்டாம். வேகமாகச் சுற்றினால் உரம் உருளாமல் வலையோடு ஒட்டிக்கொண்டே சுற்றும், மோட்டார் வைத்தவர்கள் செய்கிற முதல் தவறு இது. வருடத்துக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் சலிக்கிறவர்களுக்குப் பிரயோஜனம். மற்றவர்களுக்கு அது கொட்டகையில் இடம் அடைக்கும்.

சலிக்கும்போது பிசுபிசுவென்று ஒட்டுகிறது.

ஈரம். முந்தின நாள் தார்ப்பாயில் அரையடி உயரத்துக்குப் பரப்பி நிழலில் உலர விடுங்கள். அள்ளிப் பிடித்தால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிர வேண்டும், புட்டு மாவு பதம். சுக்காகக் காய விடவும் கூடாது. தூசி பறக்கும், அதில் பூசணத் தூளும் இருக்கும், இருமலும் இளைப்பும் உள்ளவர்களுக்கு ஆகாது. முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள்.

சல்லடை மேல் மிஞ்சுவதை என்ன செய்வது?

அதைக் கொட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் பாருங்கள். முழு மாவிலை இருந்தால் நொறுக்கவில்லை. உள்ளே காய்ந்த சருகுக் கட்டி இருந்தால் அடுக்கை நனைக்கவில்லை. நார் நாராக இருந்தால் அது தென்னை, அடுத்த தடவையும் வரும். குச்சியையும் நாரையும் புதுக் குவியலின் அடியில் பரப்பினால் காற்று போக வழி விடும், நுண்ணுயிரும் கூடவே போகும். உறைமோர் ஊற்றுவது மாதிரிதான். பிளாஸ்டிக்கை மட்டும் தனியே பொறுக்குங்கள். பழத்தில் ஒட்டிய ஸ்டிக்கர், பால் பாக்கெட் முனை, ரப்பர் பேண்ட் எல்லாம் பளிச்சென்று தெரியும்.

சலித்ததை எப்படிச் சேமிப்பது?

நிழலில், சணல் சாக்கில், வாய் இறுகக் கட்டாமல். லேசான ஈரம் இருக்கட்டும். பிளாஸ்டிக் இழைச் சாக்கில் கட்டி வெயிலில் வைத்தால் ஆறே மாதத்தில் சாக்கு நைந்து, தூக்கும்போது வெள்ளை இழையாக உதிரும். அந்த இழைகளை எந்தச் சல்லடையாலும் பிரிக்க முடியாது. எனக்கு ஒரு வருடம் எட்டுச் சாக்கு உரம் அப்படிப் போனது.

சலித்த உரம் போட்ட இடத்தில் தக்காளி, பூசணி, வேம்பு எல்லாம் முளைக்கிறது. சரியாக மக்கவில்லையா?

மக்கியிருக்கிறது, ஓரத்தில் இருந்த விதை வேகாமல் தப்பியிருக்கிறது. புரட்டும்போது ஓரத்தை நடுவுக்குத் தள்ளினால் குறையும். வேம்பைப் பிடுங்கிவிடுங்கள். தக்காளியைப் பெயர்த்து நடலாம், எங்கள் வீட்டில் பாதித் தக்காளி இப்படி வந்ததுதான். சுரை, பூசணி, வெள்ளரி என்றால் மட்டும் ஒரு கவனம் வேண்டும். தானாக முளைத்த கொடி சில சமயம் வேறு இனத்தோடு மகரந்தம் கலந்து கடும் கசப்பாகக் காய்க்கும், அந்தக் கசப்பு வயிற்றுக்கு நஞ்சு. காயை நறுக்கியதும் ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டுக் கொடியோடு பிடுங்கிக் குவியலில் போடுங்கள்.